சானைத் தொடமாட்டோம்

காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து சோறு தின்ன எங்களுக்கு இருக்கும் ஒரே இடம் என் புருஷனுடைய கல்லறைதான். கேரட் வயலுக்கு மேலே, ஓரும் என்று நாங்கள் சொல்கிற குன்றின் சரிவு ஏறத் தொடங்குகிற இடத்தில், இடுப்புயரத்துக்குக் கருங்கல் சுவர் நாலு பக்கமும் சூழ்ந்திருக்க, உள்ளே புல் மூடிய ஒரு மேடு. பனிக்காலத்தில் வடக்கே இருந்து கடலையே தூக்கிக்கொண்டு வருகிற காற்று அந்தச் சுவரில் மோதித் தலைக்கு மேலாகப் போய்விடும். உள்ளே குனிந்து உட்கார்ந்தால் வெந்நீரின் ஆவிகூடக் கலையாமல் நேராக எழும். உயிரோடு இருந்த காலத்தில் தோக்சு என்னை எந்தக் காற்றிலிருந்தும் காப்பாற்றியதாக ஞாபகமில்லை. செத்த பிறகு காப்பாற்றுகிறான். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது என்னோடு வயல்வேலை செய்கிற மல்ஜாவின் வழக்கம்.

அன்றைக்கு மல்ஜாதான் முதலில் சுவரேறி உள்ளே குதித்தாள். குதித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, உன் வீட்டுக்காரர் தலைமாட்டுல எவனோ குச்சி நட்டு வெச்சிருக்கான்."

சிவப்புச் சாயம் அடித்த மரக்குச்சி. அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் தகடு, தகட்டில் எழுத்து. மல்ஜாவுக்கு எழுத்து தெரியாது. எனக்கும் அறுபத்து மூன்று வயதுக்கு மேல்தான் தெரியும். ஊர்க்கூடத்தில் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள், மருந்துச் சீட்டும் பஸ் பலகையும் படிக்கிற அளவுக்கு வந்தது. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து எழுத்துக் கூட்டினேன்.

"என்ன போட்டிருக்கு?"

"உறவினர் இல்லைன்னு போட்டிருக்கு."

"யாருக்கு?"

"இவருக்குத்தான்."

மல்ஜா தகட்டைப் பார்த்தாள். மேட்டின் மேல் நான் வழக்கமாக வைக்கிற ஊறுகாய் டப்பாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீ யாரு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு இலையுதிர் காலமும் அரிவாளோடு வந்து இந்த மேட்டுப் புல்லை வெட்டுகிறேன். குதிரை உரசிச் சரிந்த கல்லை எடுத்து எடுத்து வைக்கிறேன். பெயர் வெட்டிய கல் வைக்கவில்லை, அது உண்மை. இங்கே பாதி மேடுகளுக்குப் பெயர்க்கல் கிடையாது. யார் யாருடையது என்று ஊருக்கே தெரியும்போது கல்லில் வேறு எழுதி யாருக்குச் சொல்ல வேண்டும்? குதிரைக்கா?

இன்னொன்றும் இருக்கிறது. சுவர் ஒரு ஆளுக்குக் கட்டினது இல்லை. அகலமாகத்தான் கட்டினோம். மேடு ஒரு பக்கமாக இருக்கிறது, மறுபக்கம் வெறும் புல். அந்த வெறும் புல் என் பாதி. அந்தப் பாதியில் உட்கார்ந்துதான் மத்தியானச் சோறு தின்கிறேன். இன்னும் எவ்வளவு நாளோ தெரியாது, ஒருநாள் எழுந்திருக்காமல் அங்கேயே படுத்துவிடலாம் என்பது எனக்கு ஒரு நிம்மதி. வேலைக்காரிக்கு வேறென்ன சொத்து? வாடகை வீட்டில் பிறந்து, அடுத்தவன் வயலில் முதுகொடிந்து, கடைசியில் முதுகை நீட்ட ஓர் இடம். அதற்கும் குச்சி நட்டுவிட்டார்கள்.

எழுந்து சரிவைப் பார்த்தேன். மேலே மேலே, ஒவ்வொரு கருங்கல் சுவருக்குள்ளும் சிவப்பாக ஒன்று. சுவருக்கு வெளியிலும் புல்வெளியில் நேர்கோடாக நட்டுக்கொண்டே போயிருந்தார்கள், யாரோ துணிக்கு அளவெடுத்துத் தையல் போட்ட மாதிரி.

ஓருமைத் தெரியாதவனுக்கு அது சும்மா கிடக்கிற புல்மேடு. இந்தத் தீவில் பூமி எப்போதோ கொப்பளித்துக் கக்கிவிட்டுப் போன முந்நூற்றுச் சொச்சம் மேடுகளில் ஒன்று. ஆனால் அதில் சும்மா கிடக்கிற இடம் என்று ஒரு முழம் கிடையாது. உச்சியில் சட்டி மாதிரிக் குழி. எவ்வளவு மழை பெய்தாலும் மறுநாள் ஒரு சொட்டு நிற்காது, மண் குடித்துவிடும். அங்கே யாரும் எதுவும் செய்வதில்லை. அதற்குக் கீழே குதிரைகளின் புல். அதற்குக் கீழே செத்தவர்கள். அடிவாரத்தில் நாங்கள். முன்பு தினை போட்டோம். எரிமலைச் சாம்பல் மண், மாவு மாதிரி. விதைத்த கையோடு காற்று விதையையும் சேர்த்து எடுத்துப்போகும். அதனால் விதைத்ததும் மேலே இருந்து குதிரைகளை இறக்கி வயலை மிதிக்கவிட வேண்டும். முன்னால் ஒருத்தர் பாடிக்கொண்டே போக, பின்னால் இருபது குதிரை வட்டமாக மிதித்து வரும். இப்போது தினை இல்லை, கேரட். மிதிக்க டிராக்டர். ஆனாலும் மேல் மண் கீழே வருவதும் கீழ் ஆள் மேலே போவதும் மாறவில்லை. பின்பக்கச் சரிவில் மட்டும் ஒரு காலத்தில் ரோடு போட என்று சிவப்புச் சரளை வெட்டினார்கள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. முப்பது வருஷமாக அதில் ஒரு புல் முளைக்கவில்லை.

சரிவில் ஒரே ஒரு சுவருக்குள் மட்டும் குச்சி இல்லை. ஊர்த்தலைவன் காங் யோங்போவின் அப்பா அம்மா இருந்த இடம். இருந்த என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வாரம் முன்னால், பழைய தெய்வங்கள் வேலை முடிந்து மேலே போய், புதுத் தெய்வங்கள் இன்னும் இறங்கி வராத அந்தக் குளிர்கால வாரத்தில், அவர்களைத் தோண்டி எடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரத்தில்தான் எங்கள் தீவில் எல்லோரும் வீடு மாறுவது, அடுப்பு மாற்றுவது, கல்லறை மாற்றுவது. பார்த்துக் கோபிக்க மேலே யாரும் இருக்கமாட்டார்கள். யோங்போ மகளின் கனவில் அவன் அப்பா வந்து கால் நனைகிறது என்றாராம். அதனால் மாற்றுகிறேன் என்றான் யோங்போ. பாவம் என்று நானும் போய் எல்லோருக்கும் சூப் வைத்துக் கொடுத்தேன்.

மல்ஜா சோற்று டப்பாவை மூடினாள்.

"வா அக்கா."

"வயல்காரன் கத்துவான்."

"கத்தட்டும். கேரட் எங்க ஓடிடப் போகுது?"

ஊர் அலுவலகத்தில் கெரசின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யோங்போவும், சியோலில் இருந்து வந்த கம்பெனி மேனேஜர் சோவும் காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மண் பூட்ஸோடு நாங்கள் உள்ளே நுழைந்ததும் மேனேஜர் எழுந்து இரண்டு கையையும் தொடையில் வைத்துக் குனிந்து வணங்கினார். நல்ல பையன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

இலையுதிர் காலத்தில் இதே கட்டடத்துக் கூடத்தில்தான் கூட்டம் நடந்தது. ஓருமும் அடிவாரப் புல்வெளியும் ஊர்ப்பொது. குதிரை வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் அதில் பங்கு உண்டு, தோக்சுவின் பங்கு இப்போது எனக்கு. மேனேஜர் படம் காட்டினார்: தங்கும் விடுதி, கண்ணாடிச் சுவர், ஜன்னலில் கடல். பெரியவர் ஹோ எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எங்க சானுக்கு என்ன ஆகும்?" மேனேஜர் நெஞ்சில் கை வைத்தார். "சானைத் தொடமாட்டோம். என் பேரைச் சொல்லிச் சத்தியம் பண்றேன்." கூடம் முழுக்கக் கை தட்டியது. அப்புறம் விற்கச் சம்மதம் என்று அதே கைகளைத் தூக்கினோம். அடிவாரம் போனால் போகட்டும், யார் குதிரை வைத்திருக்கிறார்கள் இப்போது?

எங்கள் பேச்சில் சான் என்றால் இரண்டுதான். தீவின் நடுவில் பனியோடு நிற்கிற பெரிய மலை ஒன்று. அதை விட்டால், சான் என்பது கல்லறை. நாளைக்குச் சானுக்குப் போகிறேன் என்றால் புல் வெட்டப் போகிறேன் என்று அர்த்தம். இந்த மாதிரிக் குன்றை எவனும் சான் என்று சொல்ல மாட்டான், இது ஓரும்.

"தம்பி," என்றேன் மேனேஜரிடம். "சானைத் தொடமாட்டேன்னு சொன்னீங்களே?"

"தொடலையே அம்மா." உடனே எழுந்து சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். "பாருங்க, உச்சிலருந்து இது வரைக்கும் பச்சை. ஒரு கல்லுகூட அசையாது. சான் அப்படியே இருக்கும். கீழ்ச்சரிவு மட்டும்தான்."

விரல் வைத்த இடத்தில் என் புருஷன் இருந்தான்.

"நான் இந்த மேட்டைக் கேக்கல. சானைக் கேக்கறேன்."

"இதுதானே அம்மா சான்?"

மல்ஜா என் காதில், "இவனுக்கு என்ன, காது மந்தமா?" என்றாள். இல்லை. அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது, வேறு ஊர்க் காது. அவர் ஊரில் மேடாக நிற்பதெல்லாம் சான். கல்லறையைத் தொடமாட்டாரா என்று நாங்கள் கேட்டோம். குன்றைத் தொடமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கை தட்டியிருக்கிறோம்.

விளக்கிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "ஐயோ" என்று நிஜமாகவே சொன்னார். உட்கார்ந்தார். திரும்ப எழுந்தார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தத் தகட்டை மாத்திடறேன். உறவினர் உண்டுன்னு போட்டுடலாம். ஆனா இடம்... அடித்தளம் அங்கதான் வருது. நாங்க மரியாதையா எடுத்து, நகரத்துல சாம்பல் மண்டபத்துல வைப்போம். ரொம்பச் சுத்தமான இடம். ஒவ்வொருத்தருக்கும் கண்ணாடி போட்ட தனி அறை. இழுத்தா வரும், தள்ளினா போகும்."

"டிராயரா?"

"அது மாதிரிதான்."

"எனக்கு?"

"பக்கத்து அறையை ஒதுக்கி வைக்கச் சொல்றேன்."

"உள்பாவாடை மடிச்சு வைக்கிற மாதிரி என்னையும் மடிச்சு வெச்சுடுவியா?" என்றேன். மரியாதை போய்விட்டது வாயில். மல்ஜா பக்கென்று சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்தினாள்.

அப்போதுதான் யோங்போவைப் பார்த்தேன். அவன் காபிக் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். யோங்போ சியோலில் பன்னிரண்டு வருஷம் டாக்சி ஓட்டியவன். அங்கே பெண் எடுத்தவன். அந்த ஊர்ப் பேச்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கூட்டத்தில் மேனேஜருக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அவன்தான்.

"யோங்போ."

"சொல்லுங்க அண்ணி."

"அன்னைக்கு இவர் சான்னு சொன்னப்ப உனக்கு எது கேட்டுச்சு?"

அவன் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"எங்களுக்கு ஒண்ணு கேட்டுச்சு. இவருக்கு ஒண்ணு. உனக்கு ரெண்டும் கேட்டிருக்கும்."

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்க. கூட்டத்துல ஆயிரம் பேச்சு நடக்கும்..."

"உங்கப்பாவுக்குக் காலு நனைஞ்சது எப்போ? கூட்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அடுப்பு சொடுக்கியது. மேனேஜர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பேச்சு பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும், ஆனால் யோங்போவின் காது சிவந்ததை எல்லா ஊர்க்காரனுக்கும் படிக்கத் தெரியும்.

பிணத்தை எடுத்த குழியில் எங்கள் வழக்கப்படி மூன்று முட்டை வைத்து மூடுவோம். மண்ணின் தெய்வம் திரும்பி வந்து, இங்கே இருந்தவன் எங்கே என்று கேட்டால் முட்டைதான் பதில் சொல்ல வேண்டும். அதற்குக் கண்ணில்லை, காதில்லை, வாயில்லை. தெரியாது என்றுகூடச் சொல்லாது. அன்றைக்கு யோங்போ வீட்டில் யாரும் முட்டை கொண்டுவர ஞாபகம் வைத்திருக்கவில்லை. நான்தான் வீட்டுக்கு ஓடி என் கோழி இட்டதை எடுத்துவந்தேன். இன்னும் சூடு ஆறாத முட்டை. அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நீங்க இல்லன்னா என்ன பண்ணியிருப்பேன் அண்ணி" என்றான். எங்கள் எல்லோருடைய குழிக்கும் நாள் குறித்துவிட்டு அந்த வாயால் சொன்னான்.

"மூணு முட்டை போதாது யோங்போ," என்றேன். "நாலாவதா உன்னையே உள்ள வெச்சு மூடியிருக்கணும்."

அவனுக்கும் கோபம் வந்தது. கோப்பையைக் கசக்கினான்.

"என்ன பண்ணச் சொல்றீங்க? ஊருல யாரு இருக்கா? பள்ளிக்கூடத்த மூடிட்டான். உங்க மகன் பூசான்ல, என் மகன் பூசான்ல. இன்னும் பத்து வருஷம் போனா அந்தப் புல்ல வெட்ட ஒரு ஆளு வருவானா?"

"அப்ப பத்து வருஷம் கழிச்சு வரச் சொல்லு இவங்கள. நான் உள்ள படுத்துட்டு, யாரும் வராம, புல்லு ஆளுயரம் வளர்ந்த பிறகு வரட்டும். இப்ப நான் நிக்கிறேன்ல?"

மாதக் கடைசியில் இயந்திரம் வருகிறது என்று மேனேஜர் மெதுவாகச் சொன்னார். மேலே இருப்பவர்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். பேசியிருக்கவும் கூடும். மேலே இருப்பவர்கள் எங்கள் ஓருமைப் படத்தில் பார்த்தவர்கள். படத்தில் அது பச்சையாக இருக்கிறது.

அன்று ராத்திரியே செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. பெரியவர் ஹோ, தான் கேட்ட கேள்வியால்தான் இந்த வினை என்று இரண்டு நாள் வெளியே வரவில்லை. வக்கீலைப் பார்க்கலாம் என்றார்கள் சிலர். நாங்களே கை தூக்கினோமே, வக்கீல் எந்தக் கையை இறக்குவான் என்றார்கள் மற்றவர்கள். ஆண்கள் சோஜு குடித்து யோங்போவை மூன்று தலைமுறைக்குத் திட்டினார்கள், காலையில் அவனையே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் திட்டுவதே ஒரு வேலை, வேலை முடிந்தால் தூக்கம் வந்துவிடுகிறது. எனக்குத்தான் வரவில்லை. கேரட்டைப் பிடுங்கும்போதெல்லாம் வேரோடு எதையோ பிடுங்குகிற மாதிரி இருந்தது.

நாலாம் நாள் காற்று நின்றது. எங்கள் தீவில் அது பிறந்தநாள் மாதிரி, வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. வயலில் ஆறு பெண்கள் இருந்தோம். மல்ஜா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிவைப் பார்த்தாள். பழுத்த புல், முழங்காலுக்கு மேல்.

"உண்ணி பெருத்துப் போச்சு," என்றாள்.

குதிரைகள் இருந்த காலத்தில் குளிர் முடிகிற சமயம் ஊரே சேர்ந்து இந்தச் சரிவைக் கொளுத்தும். உண்ணி சாகும், புதுப்புல் கனமாக வரும். தடை போட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

"குதிரையே இல்லையேடி," என்றாள் ஒருத்தி.

"உண்ணிக்கு அது தெரியுமா?"

முதலில் குச்சிகளை எடுத்தோம். கல்லறைச் சுவர்களுக்குள் இருந்த ஒவ்வொன்றையும் பிடுங்கி, வெளியே புல்லில், தகடு நிமிர்ந்து தெரிகிற மாதிரி ஒழுங்காக நட்டோம். திருடினோம் என்று யாரும் சொல்லக் கூடாது. அப்புறம் வயல் ஓரமாக, பறித்து முடித்து வெறும் மண்ணாகக் கிடந்த பாத்தியின் விளிம்பில், ஆறு இடத்தில் தீ வைத்தோம். வைத்துவிட்டு ஆறு பேரும் தோக்சுவின் சுவரேறி உள்ளே போய் உட்கார்ந்தோம். இந்தச் சுவர்களை எங்கள் ஆட்கள் கட்டியதே குதிரையையும் இந்தத் தீயையும் தடுக்கத்தான். உள்புல்லைக் கிழித்து விளிம்பைச் சுற்றி ஓரடி வெறும் மண்ணாக்கி வைத்திருந்தோம். இதனால் எல்லாம் நின்றுவிடும் என்று நாங்கள் ஒருத்தியும் நினைக்கவில்லை. பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காற்றில்லாத தீ அவசரப்படாது. சோம்பேறி மாடு மாதிரி மேய்ந்துகொண்டே ஏறியது. எங்கள் சுவருக்கு வந்து, கல்லை முகர்ந்து பார்த்து, இரண்டாகப் பிரிந்தது. முகம் வெந்தது. கழுத்துத் துணியை நனைத்து வாயில் கட்டிக்கொண்டோம்.

பக்கவாட்டுப் பாதையில் இருந்து யோங்போ ஓடி வந்தான். ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு, தொப்பியை ஆட்டிக்கொண்டு, "பைத்தியமா பிடிச்சிருக்கு? இறங்குங்க! அண்ணி! போலீஸ் வரும்!" என்று கத்திக்கொண்டே புல்லுக்குள் இறங்கினான். டாக்சி ஓட்டிய பன்னிரண்டு வருஷத்தில் தீயை மறந்துவிட்டான் போலிருக்கிறது. முன்னால் போன தீக்கும் பக்கத்தில் வந்த தீக்கும் நடுவில் வந்து நின்ற பிறகுதான் சுற்றிப் பார்த்தான். கத்துவதை நிறுத்தினான். புகையில் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் சுவரை நோக்கி ஓடி வந்தான்.

சுவரில் இரண்டு சின்ன இடைவெளிகள் விட்டிருக்கிறோம். இடப்பக்கம் ஆணுக்கு, வலப்பக்கம் பெண்ணுக்கு. ஆவி வந்துபோகிற வழி. உயிரோடு இருக்கிற யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள், பிள்ளைகள்கூட. சோற்று டப்பாவோடு இத்தனை வருஷமும் நாங்கள் மூட்டு வலிக்க வலிக்கச் சுவர் ஏறித்தான் இறங்கியிருக்கிறோம்.

யோங்போ வலப்பக்க வழியில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து உள்ளே வந்து விழுந்தான்.

"ஐயையோ," என்றாள் மல்ஜா.

என் வாசல். நானே இன்னும் நுழையாத வாசல்.

அவன் இருமி இருமி எழுந்து நின்றான். கால்சட்டை நுனியில் புகை வந்தது, ஒருத்தி ஈரத்துணியால் ஓங்கி அடித்து அணைத்தாள், வேண்டிய அளவுக்கு மேலேயே அடித்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. தூரத்தில், ஊர்ப்பக்கம், சைரன் சத்தம் எழுந்தது. தீ எங்களைத் தாண்டி மேலே போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. சரிவு நெடுக நட்டிருந்த சிவப்புக் குச்சிகள் ஒவ்வொன்றாகப் பற்றின, தகடுகள் சுருண்டு சொட்டின. யோங்போ அதைப் பார்க்கவில்லை. தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, தான் நிற்கிற புல்லை, என் பாதியைப் பார்த்தான். மேட்டின் மேல் மிதிக்க முடியாது. சுவரோரம் முழுக்கப் பெண்கள். தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி, ஒரு காலைத் தூக்கி, வைக்க வேறு இடம் தேடினான். இல்லை.